உங்கள் உயரத்தில் பாதி

இன்று காலை காலண்டர் புரூஃப் ஒன்றில் கறை பட்டுவிட்டது. தை மாதத் தாள். அமாவாசைக்குப் பக்கத்தில் என் பெருவிரல் ரேகை தேன் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. எங்கிருந்து வந்த எண்ணெய் என்று மூக்கருகே கொண்டுபோனேன். கந்தக வாடை. நம்மூரில் கந்தக வாடைக்கு யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். பட்டாசு ஆலைகள் இருக்கிற விஸ்வநத்தம் பக்கமிருந்து காற்று அடித்தால் குடிக்கிற தண்ணீரிலேயே அந்த வாடை இருப்பது போலத் தோன்றும். ஆனால் இது பட்டாசுக் கந்தகம் இல்லை. பட்டாசு வாடை மூக்கில் ஏறி இறங்கிவிடும். இது ஒட்டிக்கொண்டால் போகாது. உங்கள் வண்டியின் பின்சக்கரத்துப் பெட்டிக்குள் ஊற்றுகிற கியர் ஆயில் அது. நேற்று சாயங்காலம் அந்தப் பெட்டியைத் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் தங்கியிருந்திருக்கிறது.

பக்கத்து மேஜைப் பெண் மூக்கைச் சுளித்து, "என்னக்கா, ஒங்ககிட்ட ஆயில் வாட அடிக்கு?" என்றாள். அச்சாபீசில் ஆயில் வாடை அடிக்காமல் மல்லிகைப்பூ வாடையா அடிக்கும் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் உங்கள் மேல்தான். நீங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் எட்டுகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் திறக்காமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதே பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாசலில் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அது எங்கே போகப் போகிறது? நிற்கிறது. ஆனால் நீங்கள் நிறுத்திவிட்டுப் போன உயரத்தில் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியின் பின்பக்கத்தை இறக்கிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி வந்த கதையை நீங்கள் ஊருக்கெல்லாம் வேறு விதமாகச் சொல்லிவைத்திருந்தீர்கள். அச்சு மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஆள், பகலெல்லாம் செயினும் பல்சக்கரமுமாக மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போதும் செயினா என்று சலித்துப்போய் ஷாஃப்ட் வண்டி வாங்கினேன் என்பீர்கள். கேட்பவர்களும் நம்பினார்கள். நடந்தது அதுவா? பழைய வண்டியில் திருத்தங்கல் ரயில்வே கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது என் முந்தானை செயினில் சிக்கியது. ரோட்டில் விழுந்தேன். முழங்காலில் தையல் போட்டார்கள். செயினிலிருந்து சேலையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தக் கிழிசலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "இனிமே செயின் வச்ச வண்டியில ஒன்ன ஏத்தமாட்டேன் பிள்ள" என்றீர்கள். ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஊர் ஊராக விசாரித்தீர்கள். கடைசியில் மலைப்பக்கம் ஓர் எஸ்டேட்காரரிடம் ஒரு பழைய சீமை மோட்டார் பைக் இருப்பதாகத் தெரிந்து, பட்டாசு லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். லாரிக்கு இருப்பது போலவே எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு மூடிய குழாய்க்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடும். அந்தத் தண்டு சுற்றினால் சக்கரம் சுற்றும். சேலை சிக்குவதற்கு வெளியே ஒன்றும் கிடையாது. தெருவே கூடிப் பார்த்தது. உங்கள் தொடைக்கு வந்த இருக்கை என் இடுப்பைத் தாண்டி நின்றது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தே நுழையும் உங்கள் அம்மா, அதாவது என் அத்தை, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எம்புள்ள ஒசரத்துக்கு இப்பத்தான் ஒரு வண்டி கெடச்சிருக்கு" என்றார். எனக்காக வாங்கின வண்டியில் எனக்கு மட்டும் கால் எட்டவில்லை. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று நான்தான் பிடுங்கி எடுத்தேன். கண்மாய் வற்றிக் கிடந்த கோடையில், விழுந்தாலும் மண்தானே என்று அதற்குள் கூட்டிப்போனீர்கள். சுடிதார் போட்டுக்கொண்டு வந்தேன். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் வம்பு. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். நிற்கிற இடமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தீர்கள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து உங்கள் நெட்டைக் கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டீர்கள். அவை தரையில் தட்டின.

"நிறுத்தப் போறப்ப 'கால்'னு சொல்லு. நான் வச்சுக்கிடுதேன்" என்றீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். நான் "காலு!" என்று கத்துவேன். பின்னாலிருந்து "வச்சாச்சு" என்று வரும். வண்டி அசையாமல் நிற்கும். கிளம்பும்போது "எடுத்தாச்சு, போ" என்பீர்கள். தினமும் காலையில் நம் வாசலிலிருந்தே இந்தப் பாட்டுத் தொடங்கிவிடும். அத்தை கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

"ஏ பிள்ள, புரூஃப் பாக்குறவதான நீ? 'கால்'னு சுத்தமாச் சொல்லப்படாதா? ஒரு 'உ' எதுக்கு அதிகமா?"

"அந்த 'உ'வச் சொல்லி முடிக்கதுக்குள்ள நீங்க காலை வைக்கணும். அதுக்குத்தான்."

"அப்பச் சரி."

டீக்கடையில் ஒருவர் உங்களிடம், "என்னய்யா, சம்சாரம் ஓட்ட நீ பின்னால ஒக்காந்து போறே?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? ஆள் வெட்கப்படுவார் என்று நினைத்துக் கேட்டார். நீங்கள் கிளாஸை வைத்துவிட்டு, "நான் டிரைவர் போட்டிருக்கேன்யா. ஒங்க வீட்ல போட்டிருக்கீகளா?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு அம்மன் கோயிலுக்குப் போகிற இருக்கன்குடி ரோட்டில் எதிர்க்காற்றில் வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். தொண்டை வறண்டு, சாத்தூரில் நிறுத்திச் சோடா குடித்தோம்.

அப்போதே நான் கேட்டேன். தனியாகப் போக வேண்டுமென்றால் என்ன செய்வது, பின்பக்கம் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் என்று. நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இருக்கையைத் தாங்குகிற ஷாக்கப்சர் இரண்டையும் தட்டிக் காட்டி விளக்கினீர்கள். "செயின் வண்டி மாதிரி நெனைக்காத. இதக் குட்டையாக்குனா தண்டு சாயும். தண்டுல இருக்க ஜாயிண்ட் தேயும். ஸ்டாண்டு தட்டும். வண்டி நடையே மாறிப்போகும். எதுக்கு எறக்கணுங்கேன்? நாந்தான் இருக்கேன்ல?"

நாந்தான் இருக்கேன்ல. பட்டாசு லேபிளில் கடுகளவு எழுத்தில் போகிற பிழையைக்கூட விடாமல் பிடிக்கிறவள் நான். அந்த வாக்கியத்தைச் சரியென்று விட்டுவிட்டேன்.

சீசன் மும்முரமாக இருந்த சமயம். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஆட்டோவில் கிளம்பினீர்கள். வண்டியில் போகலாமே என்று நான் கேட்டதற்கு, "வேணாம், அத ஸ்டாண்டு போட்டுட்டேன். வந்து எடுத்துக்கிடலாம்" என்றீர்கள். ஆஸ்பத்திரிப் பலகையில் 'மருத்துவர்' என்ற சொல்லில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. டாக்டர் வெளியே வந்து பேசும்போது நான் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. விடுபட்ட 'த்' மட்டும் தெரியும்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். வண்டியையும் ஒரு தடவை பார்த்தேன்.

"ஒரு எடத்துல இரேன் பிள்ள" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஆள் நான். நீங்கள் போனபின் அது இன்னும் மோசமானது. வீட்டில் இருந்தால் ஆபீசுக்குப் போகலாமா என்று இருக்கும். ஆபீசில் இருந்தால் வீடு என்ன ஆனதோ என்று இருக்கும். லேபிள் புரூஃப்களை விஸ்வநத்தம் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சம்மதம் வாங்கி வருவது என் வேலை. முன்பு நாம் இரண்டு பேரும் போவோம். நீங்கள் அந்தப் பக்கத்து அச்சாபீசில் மிஷின் பார்ப்பீர்கள், நான் புரூஃப் கொடுப்பேன். பிறகு பஸ்ஸுக்கு நின்றேன். வராத பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, எதிரே சுவரில் இருக்கும் விளம்பரத்தை எழுத்தெண்ணிப் படித்து, அதில் பிழை பார்த்து, திருத்த முடியாமல் பல்லைக் கடித்தேன். ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று சொல்லாத ஆள் கிடையாது. ஸ்கூட்டியில் கால் நன்றாகவே எட்டும். ஆனால் அதில் நீங்கள் உட்கார்ந்ததில்லை. இதை அவர்களிடம் சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார்கள் என்று, ஸ்கூட்டி எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவைத்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினேன். நீங்கள் ஏற்றி நிறுத்தியதற்குப் பிறகு அது இறங்குவது அதுதான் முதல் தடவை. இறங்கின வேகத்தில் என் பக்கம் சாய்ந்தது. தாங்க முடியவில்லை. நான் கீழே, வண்டி என் கால் மேலே. காலை உருவப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அத்தை, "இழுக்காதத்தா! இழுக்கப்படாது, தூக்கணும்!" என்று கத்தினார். பட்டாசு ஆலையில் ஆயுசைக் கழித்தவர் அல்லவா. அங்கே எதையும் தரையில் உரசி இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டில் மணைப்பலகை, சோற்றுப்பானை வரை வரும். அந்த வயதில் அந்த வண்டியைப் பிடித்துத் தூக்கினார். நான் வெளியே வந்து, இரண்டு பேருமாக மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினோம். முழங்காலில் பழைய தையலுக்குப் பக்கத்திலேயே காயம்.

"இத எறக்கப்போறேன் அத்தே" என்றேன்.

அத்தை இருக்கையின் மேல் கை ஊன்றி நின்றார். நீங்கள் போன நாளிலிருந்து காலையில் அப்படித்தான் நிற்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஆளின் தோளில் கைபோட்டு நிற்போமே, அந்த மாதிரி.

"இது அவன் ஒசரத்துல நிக்கி. அதையும் ஏன் கொறைக்கே?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "ஒங்க புள்ள போறப்ப காலையும் சேத்துல்ல கொண்டுட்டுப் போயிட்டாக! நான் எதை ஊணி நிக்க?"

அதன்பிறகு அத்தை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். உப்புப் போட்டாயா, கதவைப் பூட்டினாயா, அவ்வளவுதான். நான் விடவில்லை. உங்களை அண்ணன் அண்ணன் என்று சுற்றிக்கொண்டிருந்த பட்டறைச் செல்வத்தைக் கூப்பிட்டு வண்டியை ஏற்றி அனுப்பினேன். "அண்ணன் இருந்தா என்னைய வைவாக மதினி" என்று தலையைச் சொறிந்தான். "அண்ணன் இருந்தா எறக்கவே வேண்டாமே" என்றேன். கொண்டுபோனான்.

நெட்டை ஷாக்கப்சர் இரண்டையும் கழற்றிவிட்டு எங்கிருந்தோ குட்டையாக இரண்டு தேடி மாட்டியிருந்தான். "முழுசா எறக்கிட்டேன் மதினி. உள்ளங்கால் பூராவும் ஊணலாம்" என்று பெருமையாகச் சொன்னான். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் அப்பிக்கொண்டு நின்றன. சந்தோஷமாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்? யாரையும் கூப்பிடாமல் நிற்கிறேன் என்று இருந்தது. பட்டறையிலிருந்து வீடுவரை நிறுத்த வேண்டிய இடம், வேண்டாத இடம் எல்லாவற்றிலும் நிறுத்தி நிறுத்தி வந்தேன்.

அந்தச் சந்தோஷம் வாசலோடு சரி. பின்பக்கம் தாழ்ந்துவிட்டதால் வண்டியை மெயின் ஸ்டாண்டில் தூக்கவே முடியவில்லை. சைடு ஸ்டாண்டு போட்டேன். வண்டி குட்டையாகிவிட்டதே, ஸ்டாண்டு பழைய நீளம்தானே? சாய்ந்து நிற்க வேண்டியது நட்டமாக நின்றது. நான் கையை எடுத்ததும் யோசித்துப் பார்த்து, அந்தப் பக்கமாக விழுந்தது. அத்தை காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் மேல். வற்றலைப் பொறுக்கிக்கொண்டே, "அவனுக்கே பிடிக்கல, பாத்துக்கோ" என்றார். என்னிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னார்.

முன்பக்கம் தூக்கிக்கொண்டதால் ஹெட்லைட் வானத்தைப் பார்த்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது ரோடு தெரியாது, கடைகளின் பெயர்ப்பலகை தெரியும். அதிலுள்ள பிழைகளும் தெரியும். குழாய்க்குள் தண்டு முனகத் தொடங்கியது. நீங்கள் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. வாய்முகூர்த்தம் பாருங்கள், உங்களுக்கு அதிலாவது பலித்ததே என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஸ்டாண்டு தட்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனிக்குப் புரூஃப் கொண்டுபோனேன். மழைமேகம் கட்டி மத்தியானமே மசங்கிக் கிடந்தது. தூரத்தில் இடி கேட்டது. மின்னல் வந்தால் வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? வாசல் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்துத் தூள் படிந்த கைகளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாக. கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. நான் மெதுவாகத்தான் ஏறினேன். முன்சக்கரம் தாண்டியது. பின்பக்கம் இறங்கும்போது மெயின் ஸ்டாண்டு தட்டி இழுபட்டது. காலுக்கடியில் ஒரு கீறல் சத்தம். சிவப்பாகப் பொறி தெறித்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். அவ்வளவு பேச்சும் ஒரே வெட்டாக நின்றது. எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள். ஒருத்தி மட்டும், "இருக்கங்குடித் தாயே" என்று மெல்லச் சொன்னது கேட்டது.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "மொதல்ல வண்டிய அணைங்க! என்னம்மா நீங்க? ஒரு தீப்பெட்டி மடியில இருந்தாலே உள்ள விடமாட்டோம். நீங்க காலுக்கடியில கட்டிக் கொண்டாறீக!"

வெடிமருந்து அறைகள் கேட்டிலிருந்து வெகுதூரம். ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் பார்த்த பார்வையை என்ன செய்வது? அதில் திட்டு இல்லை. இந்த ஊர்க்காரி நீயுமா என்கிற மாதிரி இருந்தது. புரூஃபை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு, எஞ்சினைப் போடாமலே வண்டியை மெயின் ரோடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். மழையும் பிடித்துக்கொண்டது.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அத்தையோடு வேலை பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். நனைந்து போய் வாசலில் நின்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் வந்தேன். அத்தை துண்டை எடுத்துக்கொடுத்தார். குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். ஸ்டாண்டில் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி பளபளத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. உங்கள் குடும்பத்துக்கே இந்தக் குணம் உண்டு.

மறுநாள் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பட்டறையில் செல்வம் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பழையபடியே ஏத்திரு செல்வம். நான் இத வித்துருதேன்" என்றேன். இனிமேல் பஸ்தான், சுவர் விளம்பரம்தான், இந்த ஜன்மத்தில் இவ்வளவுதான் நமக்கு விதித்தது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

"யாரு ஒன்ன விக்கச் சொன்னா?" என்றார் அத்தை. "ஏறு."

"எதுல?"

"வண்டியிலதான். ஏறி ஒக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். அத்தை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு என் பாதங்களையே பார்த்தார். தையல்காரர் அளவெடுக்கும்போது பார்ப்பது போல, என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"முழுக்காலும் ஊணணும்னு யாரு சொன்னா ஒனக்கு? பரண்மேல இருக்க டப்பாவ நுனிக்கால ஊணித்தான எடுக்கே? அப்ப விழவா செய்யுதே?" என்றார். பிறகு செல்வம் பக்கம் திரும்பினார். "ஏப்பா, அம்புட்டும் எறக்கவும் வேண்டாம், அம்புட்டும் ஏத்தவும் வேண்டாம். பாதி எறக்கு. பாதி அவனுக்கு இருக்கட்டும்."

செல்வம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தித் தண்டின் சாய்மானத்தைக் கையால் காட்டி, "பாதின்னா ஜாயிண்டும் தேயாது பெரிம்மா. அது எனக்குத் தோணாமப் போச்சே" என்றான்.

அதற்குத் தோதான ஷாக்கப்சர் கிடைக்க அவன் மதுரைவரை அலைய வேண்டியிருந்தது. இந்தத் தடவை இரண்டு ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்கி ஒட்டவைத்தான். முன்பக்கத்தையும் கொஞ்சம் இறக்கினான். ஹெட்லைட் வானத்தை விட்டு ரோட்டுக்கு வந்தது. தெருவிலிருக்கும் வேகத்தடை மேலெல்லாம் ஏற்றி இறக்கிக் காட்டினான். அத்தை ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்வையை வைத்திருந்தார். எதுவும் தட்டவில்லை என்று அவர் தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கழற்றிய நெட்டை ஷாக்கப்சர் இரண்டும் உங்கள் கைலியில் சுற்றி அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தை தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி வந்து, "இருக்கங்குடிக்குப் போகணும். ஆத்தா காப்பாத்திக் குடுத்துருக்கா" என்றார். பஸ்ஸுக்கு நேரம் பார்த்தேன். "பஸ்ஸு எதுக்கு? வண்டி சும்மாதான நிக்கி" என்றார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். அத்தை பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை உங்கள் கை அளவுக்கே இருக்கிறது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சாத்தூர் தாண்டினோம். தண்டு முனகவில்லை. வண்டியின் நடை கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். திருப்பத்தில் முன்பைவிட மெதுவாகத்தான் திரும்புகிறது. கோயில் ரோட்டில் மஞ்சள் சேலைக் கூட்டம் ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள் முன்னால், வேப்பிலையோடு மற்றவர்கள் பின்னால். திடீரென்று அவர்கள் ரோட்டைக் குறுக்கே கடக்கத் தொடங்கினார்கள். நான் பிரேக்கை அழுத்தினேன். வாய் தானாகத் திறந்தது.

"காலு!"

கத்திய பிறகுதான் உறைத்தது. அதற்குள் என் நுனிக்கால்கள் தரையைத் தொட்டுவிட்டன, வண்டி நின்றுவிட்டது. அப்போது பின்னாலிருந்து கேட்டது.

"வச்சாச்சு."

குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் என் காலுக்குப் பக்கத்தில் அத்தையின் நெட்டைக் கால்கள் இரண்டும் அழுத்தமாக ஊன்றியிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. எத்தனை காலம் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று கேட்டவர்! எனக்குக் கண் மறைத்துவிட்டது. கூட்டம் கடந்து போனது. வழி கிடைத்துவிட்டது. பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். கிளட்சைப் பிடித்த விரல்கள் விடமாட்டேன் என்றன. திரும்பிப் பார்த்தால் அத்தையும் அழுதுகொண்டிருப்பார் என்று தெரியும், அதனால் திரும்பவில்லை. அவர் காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"எடுத்தாச்சு" என்றார். "போத்தா."

போனேன்.

மணி ஆகிவிட்டது. கறை பட்ட தாளை மாற்றிக்கொடுக்க வேண்டும். பிறகு விஸ்வநத்தத்துக்கு ஒரு லேபிள் கொண்டுபோக வேண்டும். அந்த வாட்ச்மேன் இப்போதும் வேகத்தடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் என்னை விடுகிறார். தனியாகப் போகும்போதும் நிறுத்துகிற இடமெல்லாம் "காலு" என்று சத்தமாகத்தான் சொல்கிறேன். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒரு 'உ' அதிகமாக இருப்பது எனக்குத் தெரியும். திருத்த மாட்டேன்.